மிளகாய்க் கதை

கண்ணை மூடச் சொன்னாள், மூடினான். மூடி என்ன, கோபம் கண்ணிலா இருக்கிறது. பவுடர்ப் பஞ்சு நெற்றியில் தட்டத் தட்டத் தயாபரனுக்கு உள்ளே ஏறிக்கொண்டே போனது. இந்த முகத்தை எத்தனை பேர் தடவியிருக்கிறார்கள், எத்தனை பேர் வழித்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கினால் நல்லது என்று எத்தனை பேர் தள்ளி நின்று தலையைச் சரித்துப் பார்த்திருக்கிறார்கள். சொந்த முகம் என்று பேர்தான். பிரியானா என்று பெயர் சொன்ன இந்த மேக்கப் பெண் பிறப்பதற்கு முன்பே தொலைக்காட்சி அவனைக் கழித்து வைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு அவனைத் தெரிந்திருந்தது. அவனை என்றால் அவனை அல்ல, அந்த முகத்தை. ‘எங்கள் வீட்டில் கார் வழி தவறினால் அப்பா உங்கள் வசனத்தைத்தான் சொல்வார்’ என்றாள். ஒரு கையில் பஞ்சு, மறு கையில் கைபேசி. ‘போன வாரம்கூட என் தோழிக்கு இதை அனுப்பினேன், காதலன் விட்டுப் போய்விட்டானென்று அழுதுகொண்டிருந்தாள், பார்த்ததும் சிரித்துவிட்டாள்’ என்று காட்டினாள். அதில் அவன். இருபத்தேழு வயது, ஒட்டு மீசை, டாக்சிக்காரன் தொப்பி, வயிற்றில் கட்டிய தலையணை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெல்லத் திரும்பிக் கமெராவைப் பார்க்கிறான், உதடு நடுங்குகிறது, கண் நிறைகிறது. அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. திரும்புகிறான், உதடு நடுங்குகிறது, கண் நிறைகிறது. நிற்கவே நிற்காது அது. யாராவது அந்தப் பெண்ணின் கையிலிருந்து கைபேசியைப் பறித்து அந்தப் பொடியனை விடு, அழட்டும், அழுது முடிக்கட்டும் என்று சொன்னால் என்ன. ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னான் தயாபரன். சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தான். அவள் தாடையைத் தளர்த்தச் சொன்னாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் நேரடி ஒளிபரப்பு. நெவ் ப்ராக்டரின் வியாழக்கிழமை நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கி முப்பத்தைந்து வருடமாம், அதற்கு விழா. பழைய துண்டுகளைப் போடுவார்கள், நெவ் நடு நாற்காலியில் இருப்பான், பக்கத்து நாற்காலியில் டேவ் பரன். தயாபரனை வெட்டி டேவ் பரன் ஆக்கியதும் நெவ்தான், முதல் நாளே, கை குலுக்கிய கையை விடாமலே. கடைசியில் அந்தத் துண்டைப் போடுவார்கள், போட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். தயாரிப்பாளர் பெண் நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டாள், நாடு முழுக்க அதற்காகத்தான் காத்திருக்கிறதாம்: அந்த நொடியில் உங்கள் மனதில் என்ன ஓடியது, டேவ்? பதிலும் அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி சான்ட்விச்சுக்குள் ஒரு பச்சை மிளகாயை ஒளித்து வைத்திருந்தாள், அதை அவன் படப்பிடிப்புக்குச் சற்று முன் கடித்துவிட்டான். மிளகாய்க் கதை. பத்திரிகையில், வானொலியில், ஒரு முறை பாடசாலைப் பரிசளிப்பு விழாவில்கூட அதைச் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நாக்கை வெளியே நீட்ட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். பொய் பழகப் பழக நல்ல உருப்படியாக வந்துவிட்டது. உண்மையைத்தான் ஒரு முறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

மிஸ்டர் குமார். அந்த டாக்சிக்காரனுக்கு அதுதான் பெயர். முழுப் பெயர் எழுதுகிறவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பியர் குடித்துக்கொண்டே எழுதினார்கள், அதில் ஒருவனாவது டாக்சியில் ஏறி முன்னால் இருப்பவனுடைய வாயைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருப்பானா. தயாபரன் தன் வாயால் வாசித்துக் காட்டினான், யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில். மேசை சிரிக்கவில்லை. மேசை சிரிக்காவிட்டால் வசனம் போய்விடும், அதுதான் அங்கே சட்டம், ஆளும் அதோடு போய்விடுவான். ஆகவே உச்சரிப்புப் பழக்க ஒருவனைக் கூட்டிவந்தார்கள், பீட்டர் என்று வெள்ளைக்காரன், ஆஸ்திரேலியாவின் வட முனையில் இருக்கும் டார்வின் நகரத்தைத் தாண்டி வடக்கே போகாதவன். தலையை ஆட்டு என்றான். ட-வை இன்னும் மடித்துச் சொல் என்றான். நீ பேசுவது சரியான இந்திய ஆங்கிலமாக இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். நான் இந்தியனில்லை என்றான் தயாபரன். அது பரவாயில்லை என்று பீட்டர் பெருந்தன்மையோடு மன்னித்தான். அந்தக் குரல் தகப்பனுடையதும் இல்லை, மாமன் மச்சானுடையதும் இல்லை, உலகத்தில் எந்த ஊரிலும் எவனும் அப்படிப் பேசுவதில்லை. ‘ஷோர்ட்கட், சேர்! நோ வொறி, ஷோர்ட்கட்!’ என்று சொல்லிக் காரை ஆற்றுக்குள் விடுவான் மிஸ்டர் குமார், செம்மறி மந்தைக்குள் விடுவான், ஒரு முறை பிரதமர் வீட்டு நீச்சல் குளத்துக்குள். பின் சீட்டில் நெவ், சூட் போட்ட பயணி. நாடு விழுந்து விழுந்து சிரித்தது. சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரிலிருந்து ஷோர்ட்கட். சூப்பர்மார்க்கட்டில் ஷோர்ட்கட். மகள் பிறந்த அன்று பிரசவ அறையில், மஞ்சுளா வலியில் அவன் கையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு டொக்டர் ஷோர்ட்கட் என்றான். அவனையும் பார்த்துச் சிரித்து வைத்தான் தயாபரன். அப்படிச் சிரித்த சிரிப்புகளுக்கெல்லாம் இன்று வயிறெரிகிறது. பிறகு டொக்டராக, கடைக்காரனாக, குண்டு வைக்கிறவனாக, மறுபடி டொக்டராக நடித்தான். சொந்தக் குரலில் பேச விட்ட ஒரே ஒரு பாத்திரம் சிறுவர் நிகழ்ச்சியில் வோம்பட் என்கிற ஒரு மிருகம், அதுவும் முகத்தைக் காட்டாமல், பொந்துக்குள்ளிருந்து. இதையெல்லாம் வைத்துப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளை ஒருத்தி ஆராய்ச்சி எழுதினாள், டேவ் பரன் ஒரு சமூகத்தையே கேலிப்பொருளாக்கினான் என்று. எழுதட்டும். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், அதனால்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையாவது வீட்டுக்கு வந்து, அண்ணை, உங்களுக்கு அப்போது எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் அந்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மடியில் கைபேசி துடித்தது. மஞ்சுளா. பிரியானா தூரிகை தேட அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்தான். ‘இஞ்சருங்கோ, மேக்கப் முடிஞ்சுதோ?’ ‘பூசிக்கொண்டிருக்கினம்.’ ‘அந்தாள் வந்திட்டுதோ?’ நெவ்வை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, முப்பத்தைந்து வருடமாக அந்தாள்தான். ‘இன்னும் இல்லை.’ ‘அதைக் கேப்பினம் என்ன?’ ‘கேப்பினம். முதலே சொல்லிப்போட்டினம்.’ மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. கோபம் வந்தால் அவள் பாத்திரம் கழுவுவாள், பேசப்போகிறாள் என்றால் குழாயை மூடுவாள். ‘நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதேங்கோ. மிளகாய்க் கதையை இண்டைக்குச் சொன்னியளெண்டால் நான் இந்த வீட்டில இருக்கமாட்டன். தங்கச்சி வீட்டை போயிடுவன். பாங்கில போய் நிண்டாலும் சில்லி லேடி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டாலும் சில்லி லேடி. எப்பயாவது உங்களுக்கு நான் சான்ட்விச் கட்டித் தந்தனானோ? புட்டெல்லோ கட்டித் தந்தனான்.’ ‘சரி, சரி. சத்தம் போடாதையும்.’ ‘சத்தம் போடேல்லை. இன்னொண்டு. வாகியின்ர பேரையும் அதுக்குள்ள எடுக்காதேங்கோ. அவன் என்னை மச்சாள், மச்சாள் எண்டு வளைய வந்த பிள்ளை. அவனை அவையளுக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டாதேங்கோ. சிரிப்பினம்.’ ‘அப்ப நான் என்னத்தைத்தான் சொல்லுறது?’ என்று கேட்டான், குரல் உயர்ந்துவிட்டது, பிரியானா கண்ணாடியில் பார்த்தாள். ‘அது உங்கட தொழில்’ என்றாள் மஞ்சுளா. வைத்துவிட்டாள். நல்ல சட்டம். பொய்யையும் சொல்லாதே, உண்மையையும் சொல்லாதே. நேரடி ஒளிபரப்பில் சும்மா இருந்து மூச்சு விடு. அவள் மீதும் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. அவள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது, அதுதான் கரைச்சல்.

வாகி. வாகீசன். அவனல்லவா கோமாளி, வீட்டில் சிரிப்பு என்றால் அது வாகி. கந்தோரிலிருந்து வரும் தகப்பன் செருப்பைக் கழற்றும் விதத்தைத் தகப்பன் கண் முன்னாலேயே செய்து காட்டுவான், அடி விழும் என்று தெரிந்தும் செய்வான், தகப்பன் அடிக்க ஓங்கிய கையோடு சிரித்துவிடுவார். தயாபரன் அங்கே வெறும் பார்வையாளன். மெல்பேர்னுக்குக் கணக்கியல் படிக்க வந்து, மதுக்கடை மேடைகளில் கூத்தாடத் தொடங்கியபோது முதலில் கைவசம் இருந்ததெல்லாம் வாகியிடம் பார்த்ததுதான், நிறுத்துகிற இடம், திரும்புகிற திரும்பல். தம்பி சாமானை அண்ணன் விற்றான். எண்பத்தொன்பதில் தன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது வாகியிடம் சொன்னான், டேய் எல்லாம் உன்ர பகிடிதான் அங்க ஓடுது. ‘அப்ப எனக்கொரு டிக்கட் போடுங்கோ அண்ணை, ஒரிஜினலைக் காட்டுவம்’ என்றான் வாகி. போடுகிறேன் என்றான். அதற்குள் பாதை அடைத்து, தொலைபேசி அறுந்து, யாழ்ப்பாணம் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது. பிறகு அந்த வியாழக்கிழமை. ஸ்டூடியோவில் உடுப்பு அறைக்கு வெளியே நடைகூடச் சுவரில் ஒரு தொலைபேசி. வரவேற்பிலிருந்து இணைத்தார்கள், கொழும்பிலிருந்து பெரியப்பா. ஒட்டு மீசை காய்வதற்காக உதட்டை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆகவே உதட்டை அசைக்காமல் ஹலோ என்றான். பேக்கரி வாசலில் சனம் வரிசையில் நின்றதாம், பாண் வாங்க. மேலே பிளேனில் வந்து குண்டு போட்டானாம். வாகியும் நின்றவனாம். கொழும்புக்குச் செய்தி வந்து சேரும்போது எரித்துச் சாம்பலும் கரைத்தாகிவிட்டது. ‘நீ மனசைத் தேற்றிக்கொள், அம்மாவுக்கு நீதான் இனி’ என்றார் பெரியப்பா. வரி முடிவதற்குள் இணைப்புப் போய்விட்டது. தலையணை கட்டிய வயிற்றோடு, கையில் ஊமைத் தொலைபேசியோடு நின்றான். அந்த வழியாக நெவ் வந்தான், பயணியின் சூட்டில். என்ன ஆயிற்று என்றான். என் தம்பி செத்துப்போனான், நெவ். என் தம்பியைக் கொன்றுவிட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னான், மிஸ்டர் குமாரின் குரலிலா தன் குரலிலா என்று இன்று வரை தெரியவில்லை. நெவ் தோளில் கை வைத்தான். பாரமான கை. ‘சனம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, மேட்’ என்றான். ‘இதை வீணாக்காதே. கமெராவுக்குக் கொடு.’

கொடுத்தான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது. ஏன் கொடுத்தாய், மடையா. தொப்பியைக் கழற்றி அவன் காலில் எறிந்துவிட்டு அப்படியே மீசையோடு ட்ராமில் ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாமே. போகவில்லை. மூன்று வருடம் பார்த்துப் பார்த்துப் பிடித்த இடம், கால் தானாக மேடைக்குப் போனது. கார் செம்மறிக்குள் போகிறது, சத்தம், மந்தை, நெவ் பின்னாலிருந்து கத்துகிறான், இப்போது மிஸ்டர் குமார் திரும்பிப் பார்த்து ஷோர்ட்கட் சொல்ல வேண்டும். வசனம் இல்லை. வாய்க்குள் அந்தச் சொல் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. பயணியைப் பார்க்க வேண்டியவன் தவறிக் கமெரா பக்கம் திரும்பிவிட்டான், பாண் வரிசை தெரிந்தது, உதடு தன் பாட்டில் ஆடத் தொடங்கியது. அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பு. கூரை போய்விடும் போலிருந்தது. நெவ் கெட்டிக்காரன், தொழில் தெரிந்தவன், வாயைத் திறக்கவில்லை, வெட்டவும் விடவில்லை, சிரிப்பு தணிய விட்டு, மறுபடி பொங்க விட்டு, அதன் பிறகு மெல்ல, ‘ஷோர்ட்கட்டா, மிஸ்டர் குமார்?’ என்றான். சரித்திரம். அன்றிரவு வீட்டுக்கு வந்தால் மஞ்சுளா கதவைத் திறந்தபடி நின்றாள், பெரியப்பா அங்கேயும் எடுத்துச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: ‘தெரிஞ்சுமோ நடிச்சனீங்கள்?’ அதற்குப் பிறகு கேட்டதில்லை. அடுத்த வியாழன் சாவுத் துடக்குத் தாடியோடு போனான். முப்பத்தொன்றாம் நாள் வரை வழிக்கக் கூடாது, அந்த ஒன்றையாவது தம்பிக்குச் செய்வோம் என்று நினைத்திருந்தான். மேக்கப்காரன் எதுவும் கேட்கவில்லை, பசை ஒட்டாது என்றான், கழுத்தில் துண்டைக் கட்டி வழித்தான், வழித்த இடத்தில் பசையைத் தடவி மீசையை ஒட்டினான். பிரதியில் அந்தக் கிழமை முதல் ஒரு புது வரி இருந்தது, ‘டேவ் கமெராவுக்கு அந்த முகம்’. ஒவ்வொரு கிழமையும் அந்த வரி. பிறகு ஒரு பேட்டியில் நெவ் அந்த மிளகாயைக் கண்டுபிடித்தான், நின்ற நிலையில், ஒரு கை சொடுக்கில். பக்கத்தில் இருந்த தயாபரன் நாக்கை நீட்டிக் காட்டினான்.

எல்லாவற்றையும்விட ஒன்று இருக்கிறது. அதை மஞ்சுளாவுக்கும் சொன்னதில்லை. முதல் கிழமைகளில் அந்த முகம் வேண்டுமென்றால் வாகியை நினைப்பான், நினைத்ததும் வரும், டிக்கட் போடாத பாவத்தோடு வரும், அழுகைதான், அழுகை என்று அவனுக்குத் தெரியும், தெரிந்த அளவில் அது வாகியோடு பேசுவது போல இருந்தது. பிறகு ஒரு வியாழன் செட்டுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மதியம் சாப்பிட்டது செமிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தான், கமெரா சிவப்பு எரிந்தது, திரும்பினான், உதடு நடுங்கியது, கண் நிறைந்தது. வாகி இல்லாமல். ஒரு குறையும் இல்லாமல். தம்பியைக் கூப்பிடாமலே தம்பியின் சாவு வந்து நின்று வேலையை முடித்துக்கொண்டு போனது. அன்று கழிவறையில் கண்ணாடியைக் கையால் அறைந்தான், உடையவில்லை, கைதான் வீங்கியது. அதற்குப் பிறகு அழ முடியாமல் போய்விட்டது. அழுதால் அந்த முகம்தான் வரும். அம்மாவைத் தகனம் செய்த அன்று, டொரொண்டோவில், பெட்டியைப் பார்த்ததும் உதடு ஆடத் தொடங்கியது, பின்வரிசையில் அவனுடைய தங்கச்சியின் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதுகள் மீது பிழையில்லை. குடும்ப வாட்ஸப்பிலேயே மாமாவின் அந்த முகம்தான் சுற்றுகிறது, சோறு கரிந்தால் அந்த முகம், சோதனையில் தோற்றால் அந்த முகம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாயை இறுக மூடிக்கொண்டான் மகன். தாய்க்குக் கண்ணீர் விடாதவன் என்று ஊர் சொன்னது. என் கண்ணீரை ஒரு தொலைக்காட்சி நிலையம் வைத்திருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது.

கதவு தட்டாமலே திறந்தது. நெவ் வந்தான். எழுபத்தெட்டு, கையில் ஊன்றுகோல், இரண்டு காதிலும் கருவி, ஆனாலும் அறைக்குள் வரும்போது யாரோ கைதட்டிக்கொண்டிருப்பது போலத்தான் வந்தான். ‘டேவி!’ என்று குனிந்து கன்னத்தில் முத்தம் வைத்தான், பிரியானா அந்த இடத்தில் மறுபடி பவுடர் போட வேண்டியதாயிற்று. பக்கத்து நாற்காலியில் மெல்ல இறங்கினான். ‘கேள்வி வந்ததும் நான் மிளகாயைச் சொல்கிறேன், நீ முகத்தைக் காட்டு, முடித்துவிட்டுக் குடிக்கப் போவோம்’ என்றான். இந்த நொடிக்காக எத்தனை தரம் ஒத்திகை பார்த்திருக்கிறான் தயாபரன், காரோட்டும்போது, குளிக்கும்போது, புல் வெட்டும்போது. நெவ், உனக்குத் தெரியும். அந்த நடைகூடத்தில் நான் உன்னிடம் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டு மிளகாயைக் கண்டுபிடித்தாய். கண்ணாடியில் பார்த்தபடி கேட்டான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, ‘நெவ், அன்று எனக்கு ஒரு தொலைபேசி வந்தது ஞாபகம் இருக்கிறதா? நடைகூடத்தில்?’ நெவ் காதுக் கருவியைத் திருகினான். ‘தொலைபேசியா? உனக்கு எப்போதும் வரும், மேட். உன் குடும்பம் பெரிசு.’ ‘நீ அந்த வழியாக வந்தாய். உன்னிடம் ஒன்று சொன்னேன்.’ ‘என்ன சொன்னாய்?’ கிழட்டு நீலக் கண், ஈரமாக, ஒளிவு மறைவு எதுவும் இல்லாமல் பார்த்தது. அதில் பொய் தேடினான். இல்லை. தேடித் தேடிப் பார்த்தான், சத்தியமாக இல்லை. ‘உன் மனைவியின் அந்த மிளகாய் இல்லாவிட்டால் நாம் இரண்டு பேரும் எங்கே இருந்திருப்போம் என்று நான் அடிக்கடி நினைப்பேன்’ என்றான் நெவ், மனதாரச் சொன்னான். தன் பொய்யைத் தானே நம்பிவிட்டான். அன்று தோளில் வைத்த கையை மறந்துவிட்டான், சொன்ன வார்த்தையை மறந்துவிட்டான். தயாபரனுக்குக் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் ஒருவனை வெறுத்ததில் ஒரு துணை இருந்தது, தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்ற துணை. அதுவும் போயிற்று. இனி அந்த வியாழக்கிழமையில் நிற்பது அவன் ஒருவன்தான். ‘சும்மாதான் கேட்டேன்’ என்றான்.

கூட்டிக்கொண்டு போய் செட்டுக்குப் பின்னால் இருட்டில் நிறுத்தினார்கள். சட்டைக்குள் கைவிட்டு ஒலிவாங்கியைப் பொருத்தினான் ஒருவன், மன்னியுங்கள் என்றான், குளிர்ந்த கை. மிளகாய். சொல்லிவிடு, போகட்டும், இரண்டு நிமிடக் காரியம், அவர்களும் சந்தோஷம், மஞ்சுளா தங்கச்சி வீட்டுக்குப் போவாள், நாளைக்குத் திரும்பி வருவாள். வருவாளா. வந்தாலும் குழாயைத் திறந்து வைத்தபடிதான் இருப்பாள், வாழ்நாள் முழுக்க. அல்லது உண்மையைச் சொல். சொன்னால் என்ன ஆகும், அதுவும் தெரியும். ஐயோ என்பார்கள், விழாத் தொகுப்பாளன் கண்ணைத் துடைப்பான், நாளைக்குப் பத்திரிகையில் வரும், சிரிப்புக்குப் பின்னால் ஒரு சோகம் என்று, வாகியின் படம் கேட்பார்கள், அவன் பெயரை வாயில் போட்டு நசிப்பார்கள், பிறகு அந்த முகத்துக்குக் கீழே இன்னொரு கதை ஒட்டிக்கொண்டு சுற்றும், அவ்வளவுதான். அதற்கு முதலே சொல்லும்போது முகம் வரும், முகம் வந்தால் சிரிப்பார்கள், தம்பி இன்னொரு தரம் சிரிப்புக்குள் விழுவான். மஞ்சுளா சொன்னது சரி. அதற்காக மிளகாய் சரியாகிவிடாது. நாசமாய்ப் போன கேள்வி. வெளியே கைதட்டல் கேட்டது, யாரோ அவன் முதுகைத் தொட்டு, போங்கள் என்றார்கள்.

வெளிச்சம் அடித்தது. நடந்தான், கையசைத்தான், உட்கார்ந்தான். கைகளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. துண்டுகள் ஓடின, நெவ் கதைகள் சொன்னான், சபை சிரித்தது, அவனும் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தான். பிறகு அது வந்தது. பெரிய திரையில், இரண்டு ஆள் உயரத்துக்கு, செம்மறிகள், தொப்பி, திரும்பல். இருபத்தேழு வயதுப் பொடியன் அத்தனை பேருக்கும் முன்னால் அழுதான். சபை கத்தியது, கால்களைத் தரையில் அடித்தது. தொகுப்பாளன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முன்னால் சரிந்தான். ‘டேவ், நாடு முழுக்கக் கேட்க விரும்பும் கேள்வி. அந்த நொடியில் உங்கள் மனதில் என்ன ஓடியது?’ நெவ் வாயைத் திறந்தான், ‘அவனுடைய மனைவி—’ என்று தொடங்கும் முன்பே சபை தயாராகச் சிரித்தது. தயாபரன் கையைத் தூக்கினான். நெவ் நிறுத்திக்கொண்டான், பழைய பழக்கம், பக்கத்தில் இருப்பவன் கை தூக்கினால் ஏதோ நல்லது வருகிறது என்று அர்த்தம். மிளகாய் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினான். உதடு ஆடத் தொடங்குவது தெரிந்தது. கீழ் உதடு முதலில், பிறகு தாடை. வேண்டாம் என்று தடுக்கவில்லை இந்த முறை, வா என்றான். திரையில் அவனுடைய கிழட்டு முகம் பெரிதாக வந்தது, நரைத்த புருவம், கண் நிறைந்துகொண்டு வந்தது, சபை அதைக் கண்டு எழுந்து நின்றது, விசில் அடித்தது. வாய் திறந்தது. வந்தது ஆங்கிலமில்லை.

‘மஞ்சுளா, நீர் பாக்கிறீரோ தெரியேல்லை’ என்றான். ‘அண்டைக்கு மிளகாயும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாண் வாங்கப் போன இடத்தில என்ர தம்பி வாகீசன் குண்டு விழுந்து செத்துப்போனான் எண்டு ஃபோன் வந்தது. பகிடி எல்லாம் அவன்ர பகிடி. நான் திருடினது. அவனுக்கு டிக்கட் போடுறன் எண்டனான், போடேல்லை. அவன் செத்ததுக்கு நான் அழுதனான், இவையள் சிரிச்சவை. இண்டைக்கும் அழுறன். பாரும், இப்பவும் சிரிக்கினம்.’ சிரித்தார்கள்தான். புரியாத மொழியும் அந்த முகமும் சேர்ந்தால் வேறு என்ன செய்வார்கள், நெவ் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். தம்பியின் பெயரை அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லியாயிற்று, ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒருவருக்கும் கை இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் முதலில் நிறுத்தினாள், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்பு அணைந்தது, கடைசியில் மேலே எங்கோ ஒருவன் மட்டும் தனியாகச் சிரித்துவிட்டு நிறுத்தினான். ‘அற்புதம்’ என்றான் தொகுப்பாளன், சற்றுப் பிந்தி. ‘வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காக அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா, டேவ்?’

‘முடியாது’ என்றான் தயாபரன். ‘அது உங்களுக்குச் சொன்னதில்லை.’ நெவ் காதுக் கருவியைத் திருகிக்கொண்டு அவன் பக்கம் சரிந்தான். ‘டேவி, என்ன சொன்னாய்? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை’ என்றான். தயாபரன் கண்ணைத் துடைக்கவில்லை. கமெராவை நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விளம்பரத்துக்குப் போவதானால் அவர்கள் போகட்டும்.